முக்கால் கட்டை

தம்பி, ஜன்னல் ஓரத்தில் நீங்களே இருங்கள். எனக்குக் காற்று ஆகாது. பஸ்ஸில் இத்தனை சீட்டு காலியாக இருந்தும் இங்கே வந்து உட்கார்ந்தேன் என்றால் உங்கள் கறுப்பு பனியன்தான் காரணம். திண்டுக்கல்தானே? சாயங்காலம் பாய்லர் ஷாப் கச்சேரிக்குத்தானே? தெரியும். நெஞ்சில் அந்தப் படத்தைப் போட்டுக்கொண்டு வேறு வேலைக்கு யாரும் திண்டுக்கல் போவதில்லை.

படத்தில் இருப்பது என்ன என்று நினைக்கிறீர்கள்? வெடிகுண்டா? எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள். அது நீராவி எஞ்சினின் பாய்லர். வரைந்தவன் நான். பெயர் ஜோதிலிங்கம். அந்த பாண்டுக்கு நான் ஐந்தாவது மெம்பர். கேசட்டின் உள் அட்டையில் நாலு பெயர்தான் இருக்கிறது என்கிறீர்களா? இடம் போதவில்லை என்று அச்சுக்காரன் விட்டுவிட்டான். பெயர் இல்லாவிட்டால் ஆள் இல்லை என்று ஆகிவிடுமா?

நாலு பேர் யார் என்று உங்களுக்கே தெரிந்திருக்கும். இருந்தாலும் சொல்கிறேன், நேரம் இருக்கிறது. எல்லோரும் பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப் ஆட்கள். கிட்டார் டெரிக், எஞ்சின் டிரைவர் மகன். டிரம்ஸ் மாணிக்கவாசகம், கொல்லுப்பட்டறையில் வேலை, நெற்றி நிறையத் திருநீறு, வியர்க்க வியர்க்க அடிப்பான், ஒரு கோடு அழியாது. பேஸ் கிட்டார் ஹமீது, ஸ்டோர் கிளார்க். பாட்டு சவரிமுத்து.

சவரிக்கு பாய்லருக்குள்ளே உட்கார்ந்து ரிவெட் ஆணியைத் தாங்கிப் பிடிக்கிற வேலை. வெளியே இருந்து ஒருவன் சுத்தியலால் அடிப்பான். உள்ளே இருப்பவன் ஒரு வார்த்தை சொல்லவேண்டும் என்றால் அடிவயிற்றிலிருந்து கத்தவேண்டும். பத்து வருஷம் அப்படிப் பேசியவன் பாட வந்தால் அவனுக்குத் தாலாட்டா வரும்? ஹார்டு ராக்தான் வரும்.

எண்பத்து இரண்டில் ரயில்வே இன்ஸ்டிட்யூட் ஹாலில் முதல் கச்சேரி. டெரிக் முதல் கம்பியைத் தட்டினான். சுவரில் இருந்த பல்லிகள் நாற்பத்து மூன்று ஒரே நேரத்தில் கீழே விழுந்தன. நான் எண்ணினேன். தோளில் விழுந்தால் ஒரு பலன், தலையில் விழுந்தால் ஒரு பலன் என்று காலண்டரில் போட்டிருக்கிறதே, நாற்பத்து மூன்று பேருக்கும் அது பலித்தது. தலையில் வாங்கிய ஒரு சார்ஜ்மேன், பட்டறை மேற்பார்வையாளர், அடுத்த வாரமே மாற்றலாகிப் போனார். மேடைப் புகை என் பொறுப்பு. வெளிநாட்டில் அதற்கு மெஷின் இருக்கிறதாம். நான் மூன்று கரி அடுப்பில் சாம்பிராணி போட்டேன். முன் வரிசையில் இருந்தவர்கள் பாதிப் பேர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

சரி. நான் சொல்ல வந்தது அந்த கேசட் விஷயம்.

பொன்மலை ஆர்மரி கேட் பக்கத்தில் லிங்கம் ரெக்கார்டிங் சென்டர் என்று ஒரு கடை. என்னுடையதுதான். நீங்கள் பிறப்பதற்கு முன்பு, ஆட்கள் ஒரு துண்டுச் சீட்டில் பாட்டுப் பட்டியல் எழுதிக்கொண்டு வருவார்கள், நாங்கள் காலி கேசட்டில் பதிந்து கொடுப்போம். எண்பத்து நாலில் இவர்கள் சொந்தமாக ஒன்பது பாட்டு வைத்திருந்தார்கள். மணிகண்டம் பக்கம் ஒரு கோழிப் பண்ணைக் கொட்டகையில் இரண்டு நாள் வாசித்துப் பதிந்தோம். அந்த வாரம் முழுக்க அங்கே இரட்டைக் கரு முட்டை. அதுதான் ‘முதல் சங்கு’. ஒர்க்‌ஷாப்பில் காலையில் ஊதுகிற சங்கு.

பதிந்து முடித்துப் பார்த்தால் அறுபத்தாறு நிமிஷம் வந்திருக்கிறது. என் கடையில் நானூறு கேசட் வந்து இறங்கியிருக்கிறது. எல்லாம் அறுபது நிமிஷ கேசட். தொண்ணூறு நிமிஷ கேசட் மொத்தம் ஐந்தே ஐந்து.

நீங்கள் என்ன செய்திருப்பீர்கள்? ஒரு பாட்டை வெட்டியிருப்பீர்கள். எனக்கு மனசு வரவில்லை. கடைசிப் பாட்டு ‘ஓவர்டைம்’, சவரி அவனுடைய அப்பா செத்த அன்று ஷிப்ட் முடிகிற வரைக்கும் விடாமல் வேலை வாங்கினார்களே, அதைப் பற்றி எழுதியது. அதை வெட்டினால் அவன் உடைந்துபோவான். முதல் பாட்டை வெட்டினால் டெரிக் அடிப்பான். எனக்கு இளகின மனசு. யாரும் வருத்தப்படக் கூடாது, யாரும் என்னை அடிக்கவும் கூடாது.

மூல டேப்பை ஓட்டுகிற மோட்டாருக்குப் பின்னால் ஒரு சின்ன ஓட்டை இருக்கும். உள்ளே ஒரு ஸ்க்ரூ. வாட்ச் ரிப்பேர்காரன் வைத்திருக்கிற ஸ்க்ரூ டிரைவரை விட்டு அரைத் திருகு திருகினால் வேகம் கூடும். திருகினேன். அறுபத்தாறு நிமிஷம் ஐம்பத்தொன்பதரை ஆகிவிட்டது. ஒரு பாட்டும் போகவில்லை. ஒருவருக்கும் வருத்தமில்லை.

என்ன, பாட்டு கொஞ்சம் வேகமாக ஓடியது. வேகம் கூடினால் சுருதியும் கூடும், அது மோட்டாரின் குணம். முக்கால் கட்டை கூடிவிட்டது. சவரி கோயில் ஆர்மோனியத்தில் இரண்டு கட்டைக்குப் பாடுகிறவன், கேசட்டில் மூன்று கட்டைக்குப் பக்கத்தில் போய் நின்றான். மாணிக்கவாசகம் டிரம்ஸில் ஒரு மனுஷன் அடிக்க முடியாத வேகத்தில் அடித்தான். நானூறும் அப்படியே போயின. அந்த ஐந்து தொண்ணூறு நிமிஷ கேசட்டில் மட்டும் திருகாமல் பதிந்து பாண்டு ஆட்களுக்கு ஆளுக்கு ஒன்று கொடுத்தேன். ஐந்தாவது எனக்கு. எல்லாம் ஒரு பாசம்தான்.

என்ன தம்பி, பனியனைக் குனிந்து பார்க்கிறீர்கள்? படம் அதேதான்.

அந்த நானூறும் எங்கே போயின தெரியுமா? ஹாஸ்டல்களுக்கு. கோயம்புத்தூர், காரைக்குடி, மெட்ராஸ், எல்லா இன்ஜினீயரிங் காலேஜ் ஹாஸ்டலிலும் ஒன்று நாலாகி, நாலு நாற்பதாகி, பிரதி எடுத்தே தேய்த்தார்கள். ‘அந்த உச்சிக் குரல் யாருடையது? அந்த டிரம்ஸ்காரனுக்கு எத்தனை கை?’ என்று எனக்கு வந்த கடிதங்களை அடுக்கினால் என் உயரம் வரும். மாணிக்கவாசகத்தை ஒருவர் திருவானைக்கா கோயிலில் பார்த்து, கையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அவனுக்குத் தன் வேகம் தெரியும். ஆனாலும் கையைக் கொடுத்தான். கிடைத்த பாராட்டை யார் திருப்பிக் கொடுப்பார்கள்?

சவரிக்கு எப்படித் தெரியாமல் போயிற்று என்று கேட்கிறீர்கள். எந்த டீக்கடையில் ஹார்டு ராக் போடுவார்கள், அவன் கேட்பதற்கு? இரண்டு வருஷத்தில் பாண்டும் கலைந்தது. டெரிக் குடும்பத்தோடு ஆஸ்திரேலியா, ஹமீது துபாய். சவரி ரிட்டயர் ஆகிறவரை வேலை பார்த்தான், ஞாயிற்றுக்கிழமை கோயில் பாடகர் குழுவில் கீழ்க்குரல் பாடினான். தன் பாட்டைத் தானே உட்கார்ந்து கேட்கிறவன் இல்லை. வைத்திருப்பதும் பட்டன் போன்.

போன வருஷம் டெரிக் அக்கா மகள் கல்யாணத்துக்கு வந்தான். வந்தவன் தலைமுடியைப் பின்னால் கட்டிக்கொண்டு, “மறுபடி வாசிக்கலாமா மேன்?” என்றான். ஹமீதுக்குப் பதில் டெரிக்கின் மருமகன். நாற்பது வருஷத்துக்குப் பிறகு இரண்டாவது ஆல்பம், ‘இரண்டாம் சங்கு’. ஆறு புதுப் பாட்டு, மூன்று பழைய பாட்டைத் திரும்பப் பாடியது. பொங்கலுக்கு இன்டர்நெட்டில் போட்டார்கள்.

அன்று சாயங்காலமே அடிதடி.

உங்களுக்குத் தெரிந்திருக்கும். சங்கு பேரவை என்று ஒரு வாட்ஸ்அப் குரூப், இருநூற்றுப் பன்னிரண்டு பேர். நான் அதை உலகம் முழுக்க இரண்டு லட்சம் ரசிகர்கள் என்றுதான் சொல்வது, ஒருவருக்கு ஆயிரம் பேர் சமம். அது இரண்டாக உடைந்தது. தென்காசிக்காரர் கோமதிநாயகம், கூட்டுறவு வங்கியில் மேனேஜராக இருந்தவர், “இது எங்க பாய்லர் ஷாப் இல்ல. பழைய கேசட்ல குரல் ஆகாயத்துல பறந்துச்சு. இது மாட்டு வண்டியில போகுது” என்று எழுதிவிட்டு ‘அசல் சங்கு பேரவை’ என்று தனியாக ஆரம்பித்தார். பழைய குரூப்பில் எழிலரசி என்று கரூர் பல் டாக்டரம்மா, “நிதானம்தான் இப்போது அவர்களுடைய கனம். கேட்கத் தெரியாதவர்கள் வெளியே போகலாம்” என்று பதில் போட்டார். அவர் போட்டதும் கோமதிநாயகம் தன் கடைவாய்ப் பல்லை வேறு டாக்டரிடம் பிடுங்கிக்கொண்டார். கரூருக்கு அவர் எப்போதும் வந்ததில்லை என்பது வேறு விஷயம். இரண்டு கட்சிக்கும் நடுவே ஒரு நிச்சயதார்த்தம் நின்றுபோனது என்று கேள்வி. கேள்விப்பட்டவன் நான், சொன்னவனும் நான்தான்.

நான் நடுநிலை. அதனால் இரண்டிலும் இருந்தேன். அந்தப் பக்கம் ரிவெட் ராஜா என்ற பெயரில், இந்தப் பக்கம் கார்த்திகா கரூர் என்ற பெயரில். சண்டை சூடாக இருந்தால்தானே ஆல்பம் ஓடும்? கார்த்திகா, ‘பழைய இரும்புக்குத்தான் உறுதி’ என்று எழுதினாள். ரிவெட் ராஜா, ‘இது ராக் இல்லை, கிரைண்டர். உளுந்தைப் போட்டால் பொங்கி வரும்’ என்று எழுதினான். அதற்குத் தொண்ணூற்றாறு லைக். நீங்களும் போட்டிருந்தீர்களா? சிரிக்கிறீர்கள். போட்டிருக்கிறீர்கள்.

சவரியின் மகள் பிலோமினா, பள்ளிக்கூட டீச்சர். தினமும் சாயங்காலம் வந்த கருத்தையெல்லாம் அப்பாவுக்கு வாசித்துக் காட்டுவாள். முதலில் சவரி சிரித்துக்கொண்டுதான் இருந்தான். பிறகு நான் போனபோது தொண்டையில் துண்டைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

“உளுந்து போட்டா பொங்கி வருமாம்டா லிங்கம்” என்றான். “எவ்வளவு யோசிச்சு எழுதியிருக்கான் பாரு.”

“எவனோ வேலையில்லாதவன்” என்றேன். உண்மைதானே. நான் கடையை மூடிப் பதினெட்டு வருஷம் ஆகிறது.

“வேலையில்லாதவன் சொன்னாலும் சரியாத்தானே சொல்றான்? எல்லாரும் ஒரு உச்சியைச் சொல்றாங்க. ஆகாயங்கிறாங்க. அதை நான் தொட்டேங்கிறதே எனக்கு ஞாபகம் இல்லடா. போனது தெரியாமலே போயிருக்கு.”

பிலோமினா உள்ளேயிருந்து வெந்நீர் கொண்டுவந்தாள். “மாமா, நீங்களாவது சொல்லுங்க. நாலு நாளா விடியக்காலையில எழுந்து, அந்த உச்சி வருதா பார்க்கிறேன்னு கத்துறாரு. நேத்து துப்பினதுல ரத்தம்.”

“புது ஆல்பத்துக்கு வர்ற சனிக்கிழமை கச்சேரி இருக்கேடா” என்றேன்.

“டெரிக்கிட்ட சொல்லிட்டேன், வேற ஆளைப் பார்க்கச் சொல்லி. இனிமே கோயில்லயும் பாடல. இல்லாத குரலைத் தூக்கிட்டுப் போய் ஆண்டவர் முன்னாடி நிக்கக் கூடாது.”

தம்பி, நான் எத்தனையோ சங்கடத்தைப் பார்த்தவன். ஒரு தடவை மேடையில் என் சாம்பிராணி அடுப்பு கவிழ்ந்து டெரிக்கின் பெல்பாட்டம் முழங்கால் வரை எரிந்தது. அப்போதுகூட அது ஃபேஷன் என்று சொல்லிச் சமாளித்தேன். அன்றைக்கு ஒன்றும் வரவில்லை. வீட்டுக்குப் போனேன். பரணில் இருந்த டேப் ரெக்கார்டரைத் துடைத்தேன். திருகிப் பதிந்ததில் மிச்சமிருந்த கேசட் ஒன்றை எடுத்துக்கொண்டு மறுநாள் காலையில் போனேன். எதற்குப் போகிறேன் என்று எனக்கே சரியாகத் தெரியாது. நல்லதுக்குத்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

சவரி சாய்வு நாற்காலியில் இருந்தான். கேசட்டைப் போட்டேன். ‘ஓவர்டைம்’ பாட்டு.

கொஞ்ச நேரம் கேட்டான். “யாருடா இது?”

“கேளேன்.”

“நல்லாத்தான் பாடுறான். சின்னப் பையனா?” தாளம் போட்டுப் பார்த்தான். கை பிந்தியது. “என்னடா இவ்வளவு அவசரம்? அப்பன் செத்த பாட்டுடா இது. ரயிலைப் பிடிக்கிற மாதிரி ஓடுறான். என்னைக் கேட்டுட்டுத்தான் பாடினானா?”

பிலோமினா சாக்பீஸ் டப்பாவைப் பையில் போட்டுக்கொண்டிருந்தவள் அப்படியே நின்றாள். “அப்பா, அது நீங்கதாம்பா. இதைத்தான் எல்லாரும் போன்ல வெச்சிருக்காங்க.”

“நானா?” அவன் மறுபடி கேட்டான். கண்ணை மூடிக்கொண்டு கேட்டான். “நான் ரெண்டு கட்டைக்காரன்மா. இவன் மூணுக்குப் பக்கத்துல நிக்கிறான். நான் என்னைக்கும் அங்க போனதில்ல.”

அதற்கப்புறம் சொல்லாமல் முடியவில்லை. அறுபத்தாறு நிமிஷத்தைச் சொன்னேன். ஸ்க்ரூவைச் சொன்னேன். முக்கால் கட்டையைச் சொன்னேன். எல்லாவற்றையும் எவ்வளவு நல்ல எண்ணத்தில் செய்தேன் என்பதையும் சேர்த்துத்தான் சொன்னேன்.

“எத்தனை கேசட்?”

“நானூறு.”

“எனக்குக் கொடுத்தது?”

“சரியானதுடா. உனக்கு, டெரிக்குக்கு எல்லாருக்கும் சரியானதுதான் கொடுத்தேன்.”

“ஏன்?”

“கேட்டா உனக்குத் தெரிஞ்சுடுமேடா” என்று வாயில் வந்துவிட்டது. பாசத்தில் கொடுத்தேன் என்பதைத்தான் சொல்ல நினைத்தேன். அவசரத்தில் வார்த்தை மாறிவிட்டது.

பிலோமினாவுக்கு முகமெல்லாம் வெளிச்சம். “அப்பா! அப்ப உங்க குரல் போகல! இப்ப பாடுறதுதான் அப்பவும் பாடினது!”

“போறதுக்கு அது இருந்ததே இல்லையேம்மா” என்றான் சவரி.

நாற்காலியிலிருந்து எழுந்தான். டேப் ரெக்கார்டரின் மூடியைத் திறந்தான், கேசட்டை எடுத்தான், திருப்பித் திருப்பிப் பார்த்தான். பாய்லர் படத்தை விரலால் துடைத்தான்.

“நாப்பது வருஷமா ஒரு ஸ்க்ரூவுக்கு விசிலடிச்சிருக்கானுங்க.”

அவ்வளவுதான் சொன்னான். கோபமெல்லாம் இல்லை. எனக்கு அவனைத் தெரியும். கோபம் வந்தால் கத்துவான். கத்தவே இல்லை.

பிறகு துண்டை அவிழ்த்துக் கொடியில் போட்டான். “சனிக்கிழமை பாடுறேன். ஆனா முதல்ல நீ மேடையேறு. மைக்கைப் பிடி. இதை அப்படியே சொல்லு. ஒண்ணு கூட்டாத, ஒண்ணு குறைக்காத. வேகத்தைத் திருகாத.”

“நானா? நான் மேடைக்குப் பின்னாடி புகை போடுறவன்டா.”

“புகையும் வேண்டாம்.”

சனிக்கிழமை ஆறு மணி. ஒர்க்‌ஷாப் பக்கத்துக் கல்யாண மண்டபம். அறுநூறு பேர் வந்திருந்தார்கள், நான் மூவாயிரம் என்றுதான் சொல்வது. மணமகன் வீட்டார் வரிசையில் கோமதிநாயகம் கட்சி, எல்லோரும் ‘வேகம்’ என்று அட்டை பிடித்திருந்தார்கள். மணமகள் வீட்டார் வரிசையில் எழிலரசி டாக்டர் கட்சி. நடுவில் கேரளாவிலிருந்து வந்த நாலு பையன்கள், அவர்களுக்கு எந்தச் சண்டையும் தெரியாது.

நான் ஏறினேன். வாழ்க்கையிலேயே முதல் தடவையாக ஒரு கதையை நடந்தபடியே சொன்னேன், தம்பி. பல்லி இல்லை. இரட்டைக் கரு முட்டை இல்லை. அறுபது நிமிஷ கேசட், ஸ்க்ரூ, அரைத் திருகு, முக்கால் கட்டை. “நீங்க கேட்ட குரல் சவரிக் குரல் இல்ல. நீங்க கேட்ட வேகம் மாணிக்கவாசகம் வேகம் இல்ல. அது என் மோட்டார்” என்று முடித்தேன். மூன்று நிமிஷம்கூட ஆகவில்லை. உண்மை எவ்வளவு சின்னதாக இருக்கிறது என்று எனக்கே ஆச்சரியம்.

மேடைக்கு ஓரத்தில் மாணிக்கவாசகம் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு உத்திரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

கோமதிநாயகம் எழுந்தார். கண்ணெல்லாம் தண்ணீர்.

“ஐயா பொய் சொல்லுதாரு” என்றார். “சிநேகிதனுக்குக் குரல் போச்சுன்னு ஊரு பேசுதேன்னு, பழியைத் தூக்கித் தன் தலையில போட்டுக்கிடுதாரு. அரைத் திருகாம்லா, முக்கால் கட்டையாம்லா. எவம்வே நம்புவான்? நாங்க நாப்பது வருசமா காதால கேட்டவங்க! ஆனா இப்படி ஒரு சிநேகிதன் எவனுக்குவே கிடைப்பான்?”

அவருடைய தோளில் கிடந்த துண்டை எடுத்து வந்து எனக்குப் போர்த்தினார். அறுநூறு பேரும் எழுந்து கை தட்டினார்கள். இரண்டு கட்சியும் சேர்ந்து தட்டியது அன்றைக்குத்தான். எழிலரசி டாக்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். என்ன செய்வது? இத்தனை பேர் எழுந்து நிற்கும்போது மறுத்துப் பேசுவது மரியாதையா? கையெடுத்துக் கும்பிட்டேன். கொஞ்சம் நீளமாகவே கும்பிட்டேன்.

திரும்பிப் பார்த்தால் சவரி பக்கத்தில் நின்றிருக்கிறான். எப்போது வந்தான் என்று தெரியாது. என் தோளில் இருந்த துண்டைப் பார்த்தான். என் கையில் இருந்த மைக்கை வாங்கினான்.

“டெரிக், நீ வாசிக்காத. மாணிக்கம், நீயும் சும்மா இரு” என்றான்.

தனிக் குரலில் ‘ஓவர்டைம்’ பாடினான். இரண்டு கட்டையில். அவன் எப்போதும் பாடுகிற வேகத்தில். பாய்லருக்குள்ளே உட்கார்ந்திருக்கிறவன், அடுத்த அடி விழுகிறதுக்கு முன்னால் ஒரு வார்த்தை சொல்லி முடிக்கவேண்டும் என்று பார்க்கிற மாதிரி, ஒவ்வொரு வார்த்தையாக வைத்தான். ‘வேகம்’ என்று நாலு பேர் கத்தினார்கள். அவன் நிறுத்தவில்லை. முப்பது பேர் எழுந்து வெளியே போனார்கள். அவன் அவர்கள் போவதைப் பார்த்துக்கொண்டே பாடினான். மூன்றாவது சரணத்தில் ‘வேகம்’ அட்டையை ஒருவர் மடித்து விசிறிக்கொள்ள ஆரம்பித்தார். கடைசி வரியில் குரல் லேசாக உடைந்தது, அதை அவன் ஒட்டவும் இல்லை, மறைக்கவும் இல்லை.

முடித்துவிட்டு, “இதுதான் நான். அன்னைக்கும் இதுதான்” என்றான். “இருக்கிறவங்களுக்குப் பாடுறேன்.”

அதற்கப்புறம் டெரிக் தட்டினான் பாருங்கள்! பல்லி என்று சொல்லமாட்டேன், அன்றைக்கு நான் மேலே பார்க்கவில்லை. இரண்டு மணி நேரம் வாசித்தார்கள். கோமதிநாயகம் கடைசி வரைக்கும் உட்கார்ந்திருந்தார். வெளியே வந்ததும் அவருடைய கட்சிக்காரர்களிடம், “குரல் போச்சு, அதுல மாத்தமில்ல. ஆனா ஆளு இருக்காரு” என்றார். அதை எழிலரசி டாக்டர் குரூப்பில் போட்டுக் கீழே ஆயிரம் விளக்கம். சண்டை ஓயவில்லை. ஓயவும் கூடாது. அசல் கட்சியில் இப்போது ஒரு பிரிவு மோட்டார் கதையை நம்புகிறது, ஒரு பிரிவு நம்பவில்லை. நம்பாத பிரிவுக்கு நான்தான் கௌரவத் தலைவர்.

இதெல்லாம் நடந்து மூன்று மாதம் ஆகிறது. பாண்டுக்கு ஓய்வே இல்லை. தஞ்சாவூர், கரூர், ராஜபாளையம், இன்றைக்குத் திண்டுக்கல். சவரி ஒவ்வொரு இடத்திலும் முதலில் தனியாகத்தான் பாடுகிறானாம். கோயிலிலும் மறுபடி பாடுகிறான், பிலோமினா சொன்னாள். கடைத்தெருவில் தற்செயலாகப் பார்த்தேன், பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று வேகமாகப் போய்விட்டாள். அன்றைக்குப் பஸ் ஸ்டிரைக். டீச்சர்களுக்கு அதெல்லாம் தெரிவதில்லை.

சவரி எனக்குப் போன் செய்வதில்லை. நான் செய்தாலும் எடுப்பதில்லை. தொண்டைக்கு ஓய்வு கொடுக்கிறான். இந்த வயதில் இத்தனை கச்சேரி என்றால் பேச்சைக் குறைக்கத்தானே வேண்டும்? நான்தான் அவன் வீட்டுக்குப் போய்ச் சுக்குக் காப்பிப் பொடி கொடுத்துவிட்டு வந்தேன். கதவு பூட்டியிருந்தது, கம்பியில் மாட்டிவிட்டு வந்தேன். உள்ளே ஃபேன் ஓடுகிற சத்தம் கேட்டது. அணைக்க மறந்துவிட்டான்.

மேடைக்குப் பின்னால் போகிற சீட்டு எனக்கு இந்தத் தடவை வந்து சேரவில்லை. தபால் அப்படி இருக்கிறது. அதனால் எல்லோரையும் போல நானும் டிக்கெட் எடுத்திருக்கிறேன். பார்த்தீர்களா? கடைசிக்கு முந்தின வரிசை. தூணுக்குப் பக்கத்தில் என்று டிக்கெட் கொடுத்தவன் படம் போட்டுக் காட்டினான்.

உங்களுக்கு எந்த வரிசை?

முதல் வரிசையா! நல்லது, நல்லது. அவன் அந்த முதல் பாட்டைப் பாடும்போது வாயைப் பார்த்துக்கொண்டே கேளுங்கள். எனக்கு அந்தப் பாட்டு முழுசாக ஞாபகம் இல்லை. அன்றைக்கு மேடையில் நான் கும்பிட்டுக்கொண்டே இருந்துவிட்டேன்.

என்னது, மாற்றிக்கொள்ளலாம் என்கிறீர்களா? வேண்டாம் தம்பி. வேண்டவே வேண்டாம். முதல் வரிசையில் என் முகத்தைப் பார்த்தால் சவரிக்குப் பாட்டு நின்றுவிடும்.

சந்தோஷத்தில்.